திங்கட்கிழமை வாங்க வேண்டிய சாவி

அத்தியாயம் பதினொன்று

பஞ்சாங்கம் பார்க்காமல் அன்னம்மா ஒரு புதுப் பானையைக்கூட அடுப்பில் ஏற்ற மாட்டாள் என்பது பத்து வாரமாக இந்தக் குடும்பத்தோடு பழகிய நமக்குத் தெரியாததா? மகள் லீலாவை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்ததே வளர்பிறை பஞ்சமி பார்த்துத்தான். அப்படிப்பட்டவள், கணவர் வடிவேலு தம் வாழ்நாளிலேயே மிகப் பெரிய காரியத்தில் இறங்கும்போது கரிநாளைச் சும்மா விடுவாளா?

விடவில்லை. பஃபலோ ரோட்டில் மசாலா அரைத்து விற்கும் வடிவேலுவின் கடையும், கப்பலில் மிளகாயும் மல்லியும் வரவழைக்கும் நெய்னா முகம்மதுவின் கம்பெனியும் ஒரே கம்பெனியாகின்றன. ஹேவ்லாக் ரோட்டில் இருக்கும் நெய்னாவின் குடோன் அந்தப் புதுக் கம்பெனியின் கைக்கு வர வேண்டும். அதற்கு லாயர் குறித்துக் கொடுத்த நாள் திங்கட்கிழமை. பார்த்தால் அது வைகாசி பதினாறு, சுத்தமான கரிநாள்.

"கரிநாள்ல நான் கை நீட்டி எதையும் வாங்க மாட்டேன்" என்று அன்னம்மா ஒற்றைக் காலில் நின்றாள்.

நெய்னா முகம்மது சிரித்தார். "பெருநாளுக்கு முந்தியே கொடுத்துட்டா எனக்கும் மனசு லேசாயிடும், தங்கச்சி."

வடிவேலுவும், "சாவிதானே, அஞ்சு நாள் முன்னால வந்தா என்ன?" என்றார்.

ஆகவே புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்த தட்டில் குடோனின் ஒரே சாவியான அந்தப் பெரிய இரும்புச் சாவியை, மனைவியோடு வந்திருந்த நெய்னா வைத்து நீட்ட, அன்னம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லாயரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாவி வாங்குவதற்கு லாயர் எதற்கு என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை, ஹஜ்ஜுப் பெருநாள். ஊரெல்லாம் விடுமுறை. காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றப் போன லீலா, சாமிப் படங்களின் முன்னால் குங்குமப் பொட்டோடு இருந்த சாவியைப் பார்த்தாள்.

"அம்மா, இது எந்தச் சாவி?"

"ஹேவ்லாக் ரோடு குடோன் சாவி. நேத்து வாங்கியாச்சு. நீதான் வேலையிலேர்ந்து வந்ததும் தலைவலின்னு படுத்துட்டியே, யார்கிட்ட சொல்றது?"

லீலாவின் கையில் எரிந்துகொண்டிருந்த தீக்குச்சி விரலைச் சுட்டபிறகுதான் அவள் அதைக் கீழே போட்டாள்.

"நேத்தா? திங்கட்கிழமைதானே வாங்கறதா இருந்துச்சு?"

"திங்கட்கிழமை கரிநாள்டி."

லீலா அடுப்படிக்கு வந்து அம்மாவின் எதிரில் நின்றாள். அவள் ராஃபிள்ஸ் பிளேசில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். வீட்டில் எப்போதும் குரலை உயர்த்தாத பெண். இப்போதும் உயர்த்தவில்லை, தாழ்த்தினாள். அன்னம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா வேற யார்கிட்டயாவது சொன்னாங்களா?"

"எதுக்குடி இப்படிக் கேக்கற? சாவிதானே?"

"அம்மா, நான் பத்திரத்தைப் படிச்சேன். சாவி எந்த நிமிஷம் கை மாறுதோ, அந்த நிமிஷத்துலேர்ந்து குடோனும் உள்ள இருக்கிற சரக்கும் புதுக் கம்பெனியோடதுன்னு லாயர் எழுதியிருக்காரு."

"நல்லதுதானே?"

"நெய்னா மாமா எங்க ஆபீஸ்ல கட்டியிருக்கிற இன்ஷூரன்ஸ் அவர் பேருல, அவரோட சரக்குக்கு. சரக்கு அவருது இல்லன்னு ஆயிட்டா அந்த பாலிசி வெறும் காகிதம். சரக்கோட சேர்ந்து நம்மகிட்ட வந்துடாது. நம்ம புதுக் கம்பெனிய ஏத்துக்கறோம்னு எங்க ஆபீஸ் தனியா லெட்டர் கொடுத்திருக்கு. அது திங்கட்கிழமை காலையிலேர்ந்துதான் ஆரம்பம். சாவி அன்னிக்குத்தான் மாறும்னு லாயர் சொன்னதால அப்படிப் போட்டாங்க. அந்த லெட்டரை டைப் அடிச்சதே நான்தான்."

அன்னம்மா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நேத்துலேர்ந்து திங்கள் வரைக்கும்?"

"யாருமே இல்லம்மா. இன்ஷூரன்ஸ் இல்லாம அந்தக் குடோன் சும்மா நிக்குது."

அன்னம்மாவுக்கு இன்ஷூரன்ஸ் என்றாலே ஆகாது. தீப்பிடிக்கும் என்று தாமே எழுதிக் கொடுத்து அதற்குப் பணமும் கட்டுவது தீயை வெற்றிலை வைத்து அழைப்பதுபோல என்று இருபது வருஷமாகச் சொல்லி வந்தவள். லீலா அந்த ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று அதே அன்னம்மா அந்தக் காகிதம் இல்லை என்றதும் அடுப்பை அணைத்துவிட்டாள்.

அணைக்காமல் என்ன செய்வாள்? புதுக் கம்பெனிக்காக பஃபலோ ரோட்டுக் கடைவீட்டின் பத்திரம் பேங்கில் இருக்கிறது. கீழே கடை, மேலே வீடு. அந்தக் குடோனுக்கு ஏதாவது ஆனால் பிழைப்பும் கூரையும் சேர்ந்தே போகும். வடிவேலு தள்ளுவண்டியில் மசாலாப் பொட்டலம் விற்று முப்பது வருஷத்தில் சேர்த்த எல்லாமே அதற்குள் இருக்கிறது.

"அப்பாகிட்ட சொல்லிடலாம்மா" என்றாள் லீலா.

"வேணாம். இன்னிக்கு அவங்க வீட்டுக்கு விருந்துக்குப் போறோம். சிரிச்சுக்கிட்டு இருக்காரு மனுஷன். நாளைக்கு வெள்ளிக்கிழமை ஆபீஸ் திறக்கும்ல? தேதிய மாத்தி வாங்கிடு."

"எட்டரைக்கே போய் மேனேஜர் கதவுல நிக்கறேன். ஒரு நாள்தானேம்மா."

"ஆமாம். ஒரு நாள்தானே" என்றாள் அன்னம்மாவும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

பாக்தாத் ஸ்ட்ரீட்டில் நெய்னா முகம்மதுவின் மாடி வீட்டுக்கு ஒரு மணிக்கெல்லாம் போய்விட்டார்கள். ஒன்றரைக்கு மேல் ராகு காலம், வேறென்ன காரணம்? நெய்னாவின் மனைவி உம்மு சல்மா வாசலிலேயே அன்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வயதில் மூத்தவள். அவர்கள் வழக்கப்படி அன்னம்மாவும் அவளை ராத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"வியாழக்கிழமை நீ கறி தொடமாட்டேன்னு தெரியும், அன்னம். உனக்குத் தனிச்சட்டியில கத்திரிக்காயும் பருப்பும் வச்சிருக்கேன். இந்தக் கரண்டிய அதுல போடலை, பயப்படாதே."

பயப்படாதே என்ற சொல்லே அன்னம்மாவுக்கு இன்று பிடிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். அடுப்பங்கரையில் நெய் பட்டுத் தீ ஒரு முறை குபுக்கென்று எழுந்ததும் தட்டோடு எழுந்துவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் உம்மு சல்மா.

"ஒண்ணுமில்ல ராத்தா. விக்கல்."

கூடத்தில் ஆண்கள் இருவரும் பிரியாணியை முடித்துவிட்டுப் பெயர்ப் பலகையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் பெயர்தான் முதலில் என்று ஒருவரையொருவர் வற்புறுத்தும் சண்டை. கடைசியில் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வடிவேலு அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து அன்னம்மா பல வருஷமாகப் பார்த்ததில்லை. சிரிக்கட்டும், நாளைக் காலை எட்டரை மணி வரைக்கும் சிரிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றே முக்கால் மணிக்கு டெலிபோன் அடித்தது.

நெய்னாதான் எடுத்தார். குடோன் காவல்காரர் அப்துல் அலீம், எதிர்க் காப்பிக்கடையிலிருந்து பேசினார். அவர் கத்தியது கூடம் முழுக்கக் கேட்டது.

"முதலாளி, புக்கிட் ஹோ ஸ்வீ கம்பத்து வீடுகள்ல தீ! எல்லாம் அத்தாப்பு ஓலைக் கூரை, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவுது. காத்து நம்ம ரோட்டுப் பக்கம் அடிக்குது முதலாளி!"

எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கூரைகளுக்கு மேலே, தூரத்தில், கறுப்பாகப் புகை நின்றது. சமையல் புகை அல்ல, குப்பை எரிக்கும் புகையும் அல்ல. அதன் அடியில் சிவப்பு இருந்தது.

வடிவேலு சட்டென்று செருப்பை மாட்டினார். "சாவி எங்கே, அன்னம்?"

"வீட்டுல. சாமி படத்துக்கிட்ட."

"டாக்சி பிடிச்சுப் போய் எடுத்துக்கிட்டு நேரா குடோனுக்கு வந்துடு. பின்வாசலத் திறந்தா ஆத்துப் பக்கம். முடிஞ்ச வரைக்கும் சரக்கைத் தொங்கான் படகுல ஏத்திடலாம். நானும் பாயும் கார்ல முன்னால போறோம்."

படியில் இறங்கியவர் மனைவியின் முகத்தைப் பார்த்து நின்றார். அவருக்கு அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது.

"ஏன் இப்படி வெளுத்துப் போயிட்ட? எரிஞ்சாலும் இன்ஷூரன்ஸ் இருக்கு. நம்ம லீலா ஆபீஸ்தானே?"

லீலா வாயைத் திறந்தாள். அன்னம்மா அவள் கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். காரின் சத்தம் தெருமுனையில் மறைந்தது.

லீலாவோடு டாக்சியில் வீட்டுக்கு வர ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று அன்னம்மாவுக்கே தெரியாது. சாவி குங்குமத்தோடு இருந்த இடத்தில் இருந்தது. கையில் எடுத்தாள். இரும்பு சில்லென்று இருந்தது.

இதை மட்டும் நேற்று வாங்காமல் இருந்திருந்தால்!

அப்படி நினைத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வாங்கியதை யார் பார்த்தார்கள்? அவள், அவர், நெய்னா, உம்மு சல்மா. நான்கே பேர். வெளி மனிதர் ஒருவரும் இல்லை. இந்தச் சாவி இப்போது நெய்னா வீட்டில் இருந்தால், அது நேற்றும் அங்கேதான் இருந்தது. குடோன் இன்னும் நெய்னாவுடையதுதான். அவர் பாலிசியும் பாலிசிதான்.

கீழே வந்து, லீலா காத்திருந்த டாக்சியில் ஏறினாள். டாக்சிக்காரர் ஒரு சீனக் கிழவர். கையை ஆட்டி, "ஹேவ்லாக் ரோடு ஜாலான் தூத்தோப்" என்றார். ரோட்டை மூடிவிட்டார்களாம். பிறகு அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனால் கிட்டத்தில் விடலாம் என்றும் கையால் காட்டினார்.

"வேணாம். பாக்தாத் ஸ்ட்ரீட்டுக்கே போங்க" என்றாள் அன்னம்மா.

லீலா திரும்பிப் பார்த்தாள். "அம்மா, அப்பா அங்க சாவிக்காகக் காத்துக்கிட்டு இருப்பாரு."

"சாவி கிடைச்சா கதவத் திறப்பாரு. தீயை நிறுத்துவாரா? இது ராத்தா வீட்டுல இருந்தா எல்லாரும் பிழைப்போம்."

லீலாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "அம்மா, இது பொய்."

"பொய் இல்லடி. தப்பான நாள்ல வாங்கிட்டேன். திருப்பிக் கொடுக்கறேன். அவ்வளவுதான்."

லீலா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மகளுடைய பிடரியைப் பார்த்தபடி அன்னம்மா வழி முழுவதும் சாவியை முந்தானையில் மூடிப் பிடித்திருந்தாள்.

உம்மு சல்மா அஸர் தொழுதுவிட்டு வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அன்னம்மா சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது இருவருமே தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து நீ வாங்குறப்போ நான் பக்கத்துல நின்னு துஆ செஞ்சேனே, அன்னம்" என்றாள் உம்மு சல்மா.

"செஞ்சீங்க ராத்தா. இல்லேங்கல. திங்கட்கிழமை வரைக்கும் இது உங்க வீட்டுல இருக்கட்டும். யாராவது கேட்டா, சாவி இன்னும் எங்ககிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க. அவ்வளவு போதும்."

"அவங்க என்ன சொல்லுவாங்களோ. இன்னிக்குப் பெருநாள் வேற."

"என் வீடே போயிடும் ராத்தா."

அன்னம்மா நீட்டிய சாவியையே உம்மு சல்மா பார்த்தாள். அன்னம்மாவின் கை ஆடிய ஆட்டத்தில் சாவி வளையல்மேல் பட்டுச் சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல்தான் அவள் வாங்கிக்கொண்டாள் என்று சொல்ல வேண்டும். அலமாரியைத் திறந்து, மடித்து வைத்த வெள்ளைத் துணிக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

அதன்பிறகு காத்திருப்பது ஒன்றே வேலை. ரேடியோவில் செய்தி சொன்னார்கள். பக்கத்து மாடிகளில் பெண்கள் கூடி நின்று கூவிக்கூவிச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கில் வீடுகள் என்றாள் ஒருத்தி. ஜனங்கள் தையல் மிஷினையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ரோடு ரோடாக ஓடுகிறார்கள் என்றாள் இன்னொருத்தி. அன்னம்மா எல்லாவற்றையும் கேட்டாள். அத்தனை பேர் வீடு இல்லாமல் நிற்கும்போதும் அவள் மனசு ஒரே ஒரு குடோனைத்தான் தேடியது. அதைக் கவனித்து வெட்கப்பட்டாள். வெட்கப்பட்ட பிறகும் அதையேதான் தேடியது.

ஐந்து மணி ஆயிற்று, ஆறாயிற்று. புகை பெரிதாயிற்றே தவிரக் குறையவில்லை. எரிந்த தாள் துண்டு ஒன்று எங்கிருந்தோ பறந்து வந்து ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தது. உண்மையில் அது அவ்வளவு தூரம் பறந்து வந்ததா, பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வந்ததா என்று யார் கண்டது? அன்னம்மா அதைத் தொடப் பயந்து ஜன்னலையே சாத்திவிட்டாள்.

லீலா ஒரு மூலையில் உட்கார்ந்து விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தடவை, "நாளைக்கு மேனேஜர் என்னைத்தான் கூப்பிட்டு, சாவி கொடுத்த தேதி கேட்டு நெய்னா மாமாவுக்கு லெட்டர் எழுதச் சொல்லுவாரும்மா" என்றாள்.

மஹ்ரிப் பாங்கு முடிந்து விளக்குப் போட்ட நேரத்தில் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது.

முதலில் நெய்னா வந்தார். பெருநாளுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாக இருந்தது. பின்னால் வடிவேலு. உள்ளங்கையில் கைக்குட்டை சுற்றியிருந்தார். அதில் ரத்தம்.

"ஐயோ, என்னங்க இது!"

"ஒண்ணுமில்ல. தகரம் கிழிச்சிடுச்சு" என்றபடி வடிவேலு நாற்காலியில் உட்கார்ந்தார். உம்மு சல்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"சாவி வரலையே, அன்னம்."

அன்னம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ரோடு அடைச்சிட்டாங்கன்னு நினைச்சேன். ஆனா ஆத்துப் பக்கமா டாக்சி வந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒவ்வொண்ணா எட்டி எட்டிப் பாத்தேன். தீயணைக்கிறவங்க வந்து, உங்க குடோன் வழியா குழாயை விட்டா ஆத்துத் தண்ணிய சீக்கிரம் இழுத்துடலாம்னு கேட்டாங்க. இதோ சாவி வருது, இதோ வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அரை மணி நேரம். அதுக்குள்ள எதிர்ச் சந்துல ஒரு வரிசையே போயிடுச்சு. பத்துப் பன்னெண்டு வீடு இருக்கும்."

"அந்த வீட்டுல இருந்தவங்க?" லீலா கேட்டாள். குரல் உடைந்திருந்தது.

"எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. ஒரு கிழவி மட்டும் நடுரோட்டுல உக்காந்து அவ வீட்டையே பாத்துக்கிட்டு இருந்தா. நாங்க போய்த் தூக்கினோம்."

அன்னம்மாவுக்கு ஆற்றங்கரையைக் காட்டிய அந்தச் சீனக் கிழவரின் கை ஞாபகம் வந்தது. வேணாம் என்று சொன்னது தன் வாய்தானே.

வடிவேலு தொடர்ந்தார். "அப்புறம் ஒரு போலீஸ் அதிகாரி வந்து, இது யாரோட குடோன், பூட்டை உடைக்கலாமான்னு கேட்டாரு. பாய் கொஞ்சம் தள்ளி நின்னாரு. நான் கையத் தூக்கிட்டேன். என்னோடதுதான் ஐயா, உடைங்கன்னேன். பேரை எழுதிக்கிட்டாரு. தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கிட்டாரு." அவர் கண் கலங்கியது. "எதை எதையோ வித்திருக்கேன். இப்படி ஒண்ணு என்னோடதுன்னு நாலு பேர் முன்னால சொன்னது இன்னிக்குத்தான். சொல்றப்போ அது எரியப்போகுதோன்னு இருந்துச்சு. இருந்தாலும் சொன்னேன்."

அன்னம்மா கணவர் கொடுத்த அந்தப் பெயரை நினைத்துப் பார்த்தாள். அவள் அலமாரியில் சாவியை ஒளிக்கச் சொல்லி, குடோன் எங்களுடையது இல்லை என்று ஆக்கப் பார்த்த அதே நேரத்தில், அவர் நடுரோட்டில் நின்று என்னுடையது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

"இப்ப குடோன்?" என்றாள் உம்மு சல்மா.

நெய்னாதான் சொன்னார். "நாங்க கிளம்புறப்போ நின்னுச்சு. கதவு இல்லாம நிக்குது. குழாய் உள்ள ஓடுது. எங்களை அதுக்கு மேல நிக்க விடல. தீ இன்னும் அடங்கல, காத்து எப்படித் திரும்புமோ அல்லாஹ்தான் அறிவான். அலீம் காப்பிக்கடைகிட்ட இருக்கான். ஏதாவதுன்னா போன் பண்ணுவான்." வடிவேலுவின் தோளில் கை வைத்தார். "விடு வடிவேலு. என்ன போனாலும் இன்ஷூரன்ஸ் இருக்கு."

லீலா அம்மாவைப் பார்த்தாள். உம்மு சல்மாவும் பார்த்தாள். இந்த நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்றைய இரவு கழிந்துவிடும் என்று அன்னம்மாவுக்குத் தெரியும். நாளைக்கு என்ன கேட்பார்களோ, அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் நடுரோட்டில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவியை அவளால் மனசிலிருந்து எழுப்ப முடியவில்லை.

உம்மு சல்மாவிடம் கை நீட்டினாள். "ராத்தா, அதைக் குடுத்துடுங்க."

உம்மு சல்மா உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கொண்டுவந்து கொடுத்த சாவியை அன்னம்மா கணவர் முன்னால் மேஜையில் வைத்தாள். குங்குமம் பாதி அழிந்திருந்தது.

"இது இங்க எப்படி வந்துச்சு?" என்றார் வடிவேலு.

"நான் கொண்டுவந்தேன். நாலு மணிக்கே."

பிறகு சொன்னாள். கரிநாளிலிருந்து டாக்சி வரைக்கும் ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறியபோது லீலா எடுத்துக் கொடுத்தாள். வடிவேலு கைக்குட்டையை அவிழ்த்து, திரும்பவும் அதே காயத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். "அப்ப இன்னிக்கு அது எரிஞ்சா, யார் பேருல எரியும்?"

"நம்ம பேருல" என்றாள் அன்னம்மா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நெய்னா முகம்மது தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார்.

"பாலிசி என் பேருல இருக்கு. நாளைக்கு ஆபீஸ்ல என்னைத்தான் கேப்பாங்க, சாவிய என்னிக்குக் கொடுத்தீங்கன்னு. நான் என்ன சொல்றேனோ அதுதான் எழுதப்போறாங்க…"

"மாமா" என்றாள் லீலா. "எழுதப்போறது நான். அப்பா கையெழுத்து இன்னிக்குத் தேதியில போலீஸ் புத்தகத்துல இருக்கு."

"இருக்கட்டும் பிள்ளை. அதுக்கும் ஏதாவது சொல்லிக்கலாம். அவசரத்துல சொன்னதுன்னு…"

"வேணாம் பாய்" என்றாள் அன்னம்மா. "பெருநாளும் அதுவுமா உங்க வாயால அதைச் சொல்ல வைக்க மாட்டேன். ராத்தாகிட்ட கேட்டதே பாவம்."

நெய்னா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் மனசுக்குள் என்ன ஓடியது என்று அவர் மனைவிக்குக்கூடப் பிடிபடவில்லை.

அப்போது டெலிபோன் அடித்தது.

ஐந்து பேரும் அதையே பார்த்தார்கள். யாரும் எழவில்லை. வடிவேலுவின் கண்கள் திறந்தன, ஆனால் கை நாற்காலியை விடவில்லை. நெய்னா எழப்பார்த்து, வடிவேலுவைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். மணி விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருந்தது.

அன்னம்மா மேஜையிலிருந்த சாவியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தாள். டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். அதற்கு நடுவில் அலீமின் குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"ஹலோ! ஹலோ! குடோன் முதலாளிகிட்ட பேசணும், சீக்கிரம்!"

"நாங்கதான் குடோன்காரங்க" என்றாள் அன்னம்மா. "எதுவா இருந்தாலும் என்கிட்டயே சொல்லுங்க."